வாசித்த கவிதையைப் பற்றி எதற்காக எழுதி வைக்கிறோம்?

பீன்யா ஷிஃப்ட் | சனிக்கிழமை, இரவு 10.40

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் குடியிருக்கிறேன். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவில் வேலை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக, படித்த கவிதைகளைப் பற்றி நோட்டில் எழுதி வருகிறேன். எல்லாம் இருநூறு பக்கக் கோடு போட்ட நீள நோட்டுகள், பதினொன்று சேர்ந்துவிட்டன. பாட்டின் முதல் அடி, படித்த தேதி, படித்த இடம், அதன் கீழே எனக்குத் தோன்றிய நான்கைந்து வரிகள், அவ்வளவுதான் ஒரு பதிவு. 2014 மார்ச்சில் எங்கள் பக்கம் மெட்ரோ வருவதற்கு முன்பு பேருந்தில் நின்றபடி படித்துவிட்டு, ஆலை வாசல் தேநீர்க் கடையில் எழுதுவேன். இப்போது ஸ்ரீராமபுரத்தில் ஏறி உட்கார்ந்தால் பீன்யா வருவதற்குள் ஒரு குறுந்தொகைப் பாட்டை நிதானமாக மூன்று முறை படித்துவிடலாம். (ஏறியதும் வருகிற அடுத்த நிறுத்தத்துக்குக் குவெம்பு சாலை என்று ஒரு கவிஞரின் பெயர் வைத்திருக்கிறார்கள். அது எனக்கு ஒவ்வொரு நாளும் ஒரு சிறிய சந்தோஷம்.)

சென்ற வாரம் வெள்ளையடிப்பதற்காகப் பரணை ஒழித்தோம். நோட்டுக் கட்டை இறக்கி வைத்தபோது, இதை யார் படிக்கப் போகிறார்கள் என்று என் மகள் கேட்டாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. பழைய பேப்பர்க் கடைக்குப் போக வேண்டியது எது, திரும்பப் பரணுக்கு ஏற வேண்டியது எது என்று பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கன்னடமும் ஆங்கிலமும் படித்தவள். தமிழை நன்றாகப் பேசுவாள். படிப்பது என்றால் கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுதான். ஆக, என் வீட்டில் என்னைத் தவிர அந்த நோட்டுகளைப் படிக்கக்கூடியவர் ஒருவருமில்லை. அவளுக்கு அன்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் இங்கே கேட்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். குறுந்தொகையின் 41ஆம் பாட்டில், தலைவன் அருகில் இருந்தால் திருவிழா நடக்கும் ஊர்போல மகிழ்வேன் என்றும், அவன் பிரிந்த நாளில் ‘மக்கள் போகிய அணிலாடு முன்றில்’ உடைய வீட்டைப் போலப் பொலிவிழந்து வருந்துவேன் என்றும் தலைவி சொல்கிறாள். 1999 ஜூனில் அதைப் பற்றி நான் எழுதியிருப்பது இது: “முற்றத்தில் அணில் ஆடுகிறது. உயிர்ப்பான காட்சி. சோகத்துக்கு நடுவில் கவிஞர் ஒரு மகிழ்ச்சியான படத்தை வைக்கிறார்.” முழுக்கத் தவறு. 2016இல் அம்மாவைப் பெங்களூருக்கு அழைத்து வந்துவிட்டு, திருப்பத்தூர்ப் பக்கம் உள்ள எங்கள் வீட்டைப் பூட்டினோம். ஆறு மாதம் கழித்துத் திறக்கப் போனபோது திண்ணையில் இரண்டு அணில்கள் இருந்தன. என்னைப் பார்த்து அவை ஓடவில்லை. வேண்டாத விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தன. திரும்பி வரும் ரயிலில்தான் ‘மக்கள் போகிய’ என்ற இரண்டு சொற்கள் என் கண்ணில் பட்டன. ஆள் நடமாட்டம் அற்றுப்போனதால்தான் அணில் ஆடுகிறது. அந்த இரண்டு சொற்களும் அணிலுக்கு நேர் முன்னால் அச்சாகித்தான் இருந்தன. பதினேழு ஆண்டுகள் நான் அவற்றைத் தாண்டிக் குதித்துப் போயிருக்கிறேன்.

எங்கள் பிரிவில் அளவுப் பதிவேட்டில் ஒரு விதி உண்டு. தவறாக எழுதிய எண்ணை அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். அடித்த எண் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். என் நோட்டிலும் அப்படியே செய்தேன். 1999இன் அணிலும் 2016இன் அணிலும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. எழுதி வைத்திருக்காவிட்டால், நான் எப்போதுமே சரியாகத்தான் படித்தேன் என்று இன்று நம்பிக்கொண்டிருப்பேன்.

இது போதுமான காரணமா? நீங்கள் எழுதி வைக்கிறீர்கள் என்றால் எதற்காக?

---

மனப்பாடம் | ஞாயிறு, காலை 6.15

நண்பருக்கு வணக்கம். நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று ஜெயநகரில் வசிப்பவன். கவிதையைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைத்ததில்லை. அது சோம்பலால் அல்ல, கொள்கையால் என்று சொன்னால் சிரிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கவிதை மனத்தில் தங்குவதற்காகச் செய்யப்பட்டது. குறுந்தொகைப் பாடல்களின் அளவு நான்கடி முதல் எட்டடி. நூற்றாண்டுக் கணக்கில் நாவிலிருந்து செவிக்கும் செவியிலிருந்து நாவுக்கும் போய்த் தேய்ந்து மெருகேறிய கூழாங்கற்கள் அவை. அதைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால், மறுநாள் எனக்கு நினைவுக்கு வருவது பாட்டா, என் குறிப்பா? நாற்பது ஆண்டுகளாக என்னோடு நடைப்பயிற்சிக்கு வரும் ஒரு பாட்டைச் சொல்கிறேன். தொலைவில் இருக்கும் தலைவியை நோக்கி விரையும் தலைவன் தன் நெஞ்சிடம் சொல்வது:

“ஈரம் பட்ட செவ்விப் பெரும்புனத்து
ஓரேர் உழவன் போலப்
பெருவிதுப்பு உற்றன்றால் நோகோ யானே”

மழை பெய்து நனைந்த நிலம், ஒரே ஒரு ஏர் உள்ள உழவன், அவனுடைய பதைப்பு. லால்பாக்கைச் சுற்றி வரும்போது இதைச் சொல்லிப் பார்ப்பேன். ‘பெரும்புனம்’ என்று சொல்லும்போதே எனக்கு மூச்சு வாங்கும். அவ்வளவு பெரிய நிலத்தை ஒருவன் எப்போது உழுது முடிப்பான்? இதற்கு மேல் நான் என்ன எழுத வேண்டும்?

ரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலியில் வட்டத்தொட்டி என்று நண்பர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு கம்பனைச் சொல்லிச் சொல்லித்தான் அனுபவித்தார். வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கூட ஒருவர் ‘ஆஹா’ என்று சொல்ல வேண்டும். ரசனைக்கு அதுவே வீடு. நோட்டு எழுதுகிறவர்கள் தங்களைத் தாங்களே ரசிக்கிறார்களோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு. நண்பரைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

---

கரும்பலகை | ஞாயிறு, காலை 11.05

மனப்பாடம் ஐயாவின் கருத்தை மதிக்கிறேன். இந்த நகரில் முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவள் என்ற முறையில், மனப்பாடம் செய்யாத மாணவர்களைவிட மனப்பாடம் செய்த மாணவர்களே பிற்காலத்தில் பாட்டைத் தேடி வந்தார்கள் என்பதற்கு நானே சாட்சி. ஆனால் எழுதுவது பாட்டுக்கும் நமக்கும் குறுக்கே நிற்கிறது என்ற வாதத்தை ஏற்க என்னால் முடியவில்லை. வட்டத்தொட்டியைப் பற்றி இன்று நாம் பேச முடிவதே அங்கே இருந்தவர்கள் எழுதி வைத்ததாலும் டி.கே.சி.யின் கடிதங்கள் அச்சில் வந்ததாலும்தான்.

பீன்யா நண்பர் குறிப்பிட்ட பாட்டையே எடுத்துக்கொள்வோம். அதை இயற்றியவர் பெயர் என்ன? அணிலாடுமுன்றிலார். இது பெற்றோர் வைத்த பெயராக இருக்க முடியாது. இயற்பெயர் மறைந்துபோனது, பாட்டில் உள்ள தொடரே புலவரின் பெயராகிவிட்டது. அடுத்தடுத்து அமைந்த 40, 41ஆம் பாட்டுகள் இரண்டுமே இப்படித்தான்: செம்புலப்பெயனீரார், அணிலாடுமுன்றிலார். ஐயா சொன்ன ஏர் பாட்டைப் பாடியவர் ஓரேருழவனார். மீனெறிதூண்டிலார், விட்டகுதிரையார் என்று இந்த வரிசை நீளும்.

வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் புலவருக்காக வருத்தப்படுவார்கள். நான் இன்னொருவரைப் பற்றி யோசிப்பேன். இந்தப் பெயரை வைத்தவர் யார்? பெயர் தெரியாத ஒரு பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதன் உயிர் எந்தச் சொல்லில் இருக்கிறது என்று ஒருவர் முடிவு செய்திருக்கிறார். 41ஆம் பாட்டில் திருவிழாக் கொண்டாடும் ஊர் இருக்கிறது. ‘சாறுகொள் ஊர்’ என்பதும் அழகான தொடர்தான். அதை விட்டுவிட்டு அணிலைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அது ஒரு வாசகரின் முடிவு. தமிழில் நமக்குக் கிடைத்துள்ள மிகச் சிறிய வாசிப்புக் குறிப்பு அதுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு: ஒரே ஒரு சொல்லில், எழுதியவர் தன் பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளாத குறிப்பு. தங்களைத் தாங்களே ரசிப்பவர்கள் என்ற குற்றச்சாட்டு அவர்மீது எப்படி ஒட்டும்?

இழப்பையும் சொல்லிவிட வேண்டும். குறுந்தொகைக்குப் பேராசிரியர் என்று பெயர் பெற்ற பழைய உரையாசிரியர் உரை எழுதினார் என்பதும், அவர் எழுதாமல் விட்ட இருபது பாட்டுகளுக்கு நச்சினார்க்கினியர் எழுதி நிறைவு செய்தார் என்பதும் மரபுச் செய்தி. அந்த உரை நமக்குக் கிடைக்கவில்லை. பாடல்கள் பிழைத்துக்கொண்டன, உரை அழிந்தது. 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனாரும், 1937இல் உ.வே.சாமிநாதையரும் தாமே புதிதாக உரை எழுதிப் பதிப்பிக்க வேண்டியிருந்தது. பேராசிரியருக்கு இந்த அணில் எப்படித் தோன்றியது என்பதை அறிய இனி வழியில்லை. அவரும் ‘மக்கள் போகிய’ என்பதை ஒருமுறையாவது தாண்டிப் போயிருப்பாரா என்று கேட்கத் தோன்றுகிறது. அவரைப் போன்றவர் அப்படிச் செய்திருக்க மாட்டார்தான்.

---

பழைய சிடி | ஞாயிறு, பிற்பகல் 3.30

அம்மா சொன்னதற்குப் பக்கத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றை வைக்கிறேன். அளவில் எறும்பு, ஆனால் அதே ரகம்.

1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. இலக்கியங்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய காலம். அந்த உற்சாகத்தில் நானும் கணினியில் குறிப்புகள் எழுத ஆரம்பித்தேன். யூனிகோடு பரவலாகாத நாள்கள் அவை; ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியாக்கம். ஐந்தாறு ஆண்டுகள் எழுதியதைக் குறுந்தகட்டில் பதிந்து, எஸ்.பி. சாலையில் வாங்கிய ஓர் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்தேன். 2015இல் திறந்து பார்த்தால் திரை முழுவதும் ஐரோப்பிய எழுத்துகளும் அவற்றின் தலையில் புள்ளிகளும் கொம்புகளுமாக நின்றன. தமிழில் ஓர் எழுத்துகூட இல்லை. எழுத்துருவின் பெயர் நினைவிருந்த கோப்புகளை மாற்றியைக் கொண்டு மீட்டுவிட்டேன். பெயர் மறந்துபோன கோப்புகள் அப்படியே கிடக்கின்றன.

மீட்டதைப் படித்தபோதுதான் ஒன்று உறைத்தது. பக்கம் பக்கமாகப் பாடல்களைத் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். அந்த உழைப்பில் பெரும்பகுதி வீண். அந்தப் பாடல்கள் இன்று எங்கும் கிடைக்கின்றன, என்னை நம்பி அவை இல்லை. பாட்டுக்குக் கீழே கொசுறாக எழுதிய இரண்டு வரி மட்டுமே உலகத்தில் வேறெங்கும் கிடைக்காதது. அதைத்தான் மிகக் குறைவாக எழுதியிருந்தேன். ஓர் இடத்தில் “இதற்கு விளக்கம் தேவையில்லை” என்று மட்டும் இருக்கிறது. எதற்கு என்று இன்று விளங்கவில்லை.

ஆகவே பீன்யா நண்பருக்கு ஒரு வேண்டுகோள்: அந்தப் பதினோரு நோட்டுகளையும் பக்கத்துக்குப் பக்கம் படம் எடுத்து வையுங்கள். நோட்டைக் கரையான் அரித்தாலும் படம் மிஞ்சும், படம் கெட்டாலும் நோட்டு மிஞ்சும்.

---

தொம்மலூர் | ஞாயிறு, இரவு 9.20

இங்கே எழுதுபவர்களில் வயதில் சிறியவள் நானாகத்தான் இருப்பேன். பிறந்து வளர்ந்தது பெங்களூரில். பள்ளியில் கன்னடம் படித்தேன். தமிழ் எழுத்து பாட்டி சொல்லிக்கொடுத்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினசரியின் தலைப்புகளை விரலால் காட்டிப் படிக்க வைப்பார். இன்று என் அலுவலகத்தில் ஆங்கிலம், கீழே காய்கறிக்காரரிடம் கன்னடம், வீட்டில் பேச்சுத் தமிழ். எழுத்துத் தமிழுக்கு என் ஒரு நாளில் எந்த வேலையும் இல்லை. கவிதைக் குறிப்பு எழுதும் அரை மணி நேரத்தில் மட்டும்தான் நான் தமிழில் முழு வாக்கியம் எழுதுகிறேன். என் காரணம் இவ்வளவு எளிமையானது என்பதில் கொஞ்சம் வெட்கம்கூட உண்டு.

ஆனால் இரண்டு மொழிகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுவதால் ஒரு லாபம் கிடைக்கிறது. பசவண்ணரின் வசனம் ஒன்றை, அதாவது கன்னடச் சிவபக்திக் கவிதை ஒன்றை, பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தேன். பணம் உள்ளவர்கள் சிவனுக்குக் கோயில் கட்டுவார்கள், ஏழையான நான் என்ன செய்வேன் என்று தொடங்கும். ‘என்ன காலே கம்ப, தேஹவே தேகுல, சிரவே ஹொன்ன களசவய்யா’: என் கால்களே தூண், உடலே கோயில், தலையே பொற்கலசம். பிறகு ஒருநாள் திருமந்திரத்தில் ‘உள்ளம் பெருங்கோயில் ஊனுடம்பு ஆலயம்’ என்று படித்தேன். அடுத்து அப்பரின் ‘காயமே கோயிலாக’. மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி, “எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்” என்று ஒரு வரி போட்டுப் பெருமையாக மூடி வைத்தேன்.

இரண்டு ஆண்டு கழித்துத் திறந்தபோது அந்த வரி பொய்யாகத் தெரிந்தது. அப்பர் பூசைப் பொருள்களை ஒவ்வொன்றாக மாற்றி வைக்கிறார்: உடல் கோயில், வாய்மை தூய்மை, மனம் இலிங்கம், அன்பே நெய்யும் பாலும். அந்தப் பாட்டில் பணக்காரர் யாரும் இல்லை. பசவண்ணரின் வசனமோ பணக்காரரிடமிருந்துதான் தொடங்குகிறது. நிலையாக நிற்பதற்கு அழிவு உண்டு, இயங்குவதற்கு அழிவில்லை என்று, கட்டிய கோயிலையே ஒரு பார்வை பார்த்துவிட்டு முடிகிறது. உடல் கோயில் என்ற உருவகம் ஒன்றுதான். அதை எடுத்துக்கொண்டு அவர்கள் போகும் இடம் வேறு. முதல் குறிப்பை அடிக்கவில்லை. அதன் கீழே “இல்லை” என்று மட்டும் எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் தொடர்ந்தேன்.

எங்கள் பகுதிச் சொக்கநாதர் கோயிலில் பழைய தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றை வெட்டியவர்கள் என்னை மனத்தில் வைத்து வெட்டவில்லை. நின்று பார்க்கும்போது எனக்கு எழுத்துக்கூடப் பிடிபடாது. ஆனாலும் நின்று பார்க்கிறேன். பீன்யா அண்ணா, உங்கள் மகள் விஷயத்தில் நான் சொல்லக்கூடியது இதுதான்: தமிழ் தெரியாத நிலையிலிருந்து தமிழ் படிக்கும் நிலைக்கு வருவதற்கு எனக்கு ஒரு பாட்டியும் ஒரு தினசரியும் போதுமாக இருந்தன.

---

கரும்பலகை | திங்கள், காலை 7.10

தொம்மலூர்ப் பெண்ணுக்கு: மிக நன்றாகக் கவனித்திருக்கிறாய். உன் பக்கத்தில் நான்காவதாக ஒருவரைச் சேர்த்துக்கொள். பெரிய புராணத்தில் பூசலார் நாயனார். திருநின்றவூர்க்காரர், கோயில் கட்டப் பொருள் தேடியும் கிடைக்காமல், மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் சேர்த்து, நாள் பார்த்து, குடமுழுக்குக்கும் தேதி குறிக்கிறார். அதே நாளில் காஞ்சியில் தான் கட்டிய கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்த பல்லவ மன்னன் காடவர் கோமான் கனவில் இறைவன் தோன்றி, உன் நாளைத் தள்ளி வை, நான் பூசலார் கோயிலுக்குப் போக வேண்டும் என்கிறார். நீ தேடிய பணக்காரரும் ஏழையும் இங்கே எதிரெதிரே நிற்கிறார்கள். சேக்கிழாரும் பசவண்ணரும் 12ஆம் நூற்றாண்டினர் என்பதையும் குறித்துக்கொள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்கள் என்று மட்டும் எழுதிவிடாதே. அதற்கு ஆதாரம் இல்லை.

---

தொம்மலூர் | திங்கள், காலை 8.45

மிக்க நன்றி, அம்மா. மூன்றாம் முறை அந்தப் பக்கம் மாறப் போகிறது. பூசலாரை நான் கேள்விப்பட்டதே இல்லை. யாரிடமும் காட்டாமல் வைத்திருந்தால் இன்னும் பத்தாண்டுகள் கேள்விப்பட்டிருக்க மாட்டேன்.

---

ஓரப்பக்கம் | திங்கள், இரவு 11.50

காட்டுவதில் ஆபத்தும் இருக்கிறது. ஒரு சமயம் என் குறிப்புகளை நண்பர்கள் பத்துப் பேருக்கு மாதந்தோறும் அனுப்பத் தொடங்கினேன். மூன்றாம் மாதத்திலிருந்து என் வாக்கியங்கள் வேட்டி கட்டிக்கொண்டு மேடையேறிவிட்டன. ‘எனக்குப் பிடிபடவில்லை’ என்று எழுதி வந்தவன், ‘பன்முக வாசிப்புக்கு இடம் தரும் பிரதி’ என்று எழுத ஆரம்பித்தேன். பொருள் ஒன்றுதான், எனக்குப் பிடிபடவில்லை என்பதுதான். ஆறாம் மாதம் ஒரு விழா மலரில் என் பத்தி ஒன்று வேறொருவர் பெயரில் வந்திருந்தது. கோபம் வரவில்லை, ஏனென்றால் அந்தப் பத்தி யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடியதாக இருந்தது. அதைத் திருட்டு என்று சொல்லக்கூட எனக்கு முகம் இல்லை. அதோடு நிறுத்திவிட்டு, இப்போது புத்தகத்தின் ஓரத்திலேயே பென்சிலால் எழுதுகிறேன். ஓரத்தில் இடம் குறைவு. பெரிய சொற்கள் அங்கே பிடிக்காது.

---

பீன்யா ஷிஃப்ட் | செவ்வாய், இரவு 10.15

எல்லோருக்கும் நன்றி. நோட்டுகளைப் படம் எடுக்கத் தொடங்கிவிட்டேன். மகள்தான் கைப்பேசியைப் பிடிக்கிறாள், நான் பக்கம் புரட்டுகிறேன். மூன்று நோட்டுகள் முடிந்தன. நடுவில் என் கையெழுத்தில் அடிக்கடி வரும் ஒரு சொல்லைக் காட்டி இது என்ன என்று கேட்டாள். ‘ஏனோ’. எத்தனை பக்கங்களில் அது வருகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

மனப்பாடம் ஐயாவிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இரண்டு நாளாகத் தயங்கினேன். தொழில் புத்தி விடவில்லை. தாங்கள் எழுதிய ஏர் பாட்டை என் நோட்டில் தேடினேன், பிறகு ஞாயிறன்று அல்சூருக்குப் போய்த் தமிழ்ச் சங்க நூலகத்தில் அச்சுப் பிரதியையும் பார்த்தேன். ‘ஈரம் பட்ட செவ்விப் பைம்புனத்து’ என்றுதான் இருக்கிறது. பெரும்புனம் அல்ல, பைம்புனம். குற்றம் கண்டுபிடிப்பதற்காகச் சொல்லவில்லை. தாங்கள் சொன்ன அடியின் வேகம் இரண்டு நாளாக என்னைப் பிடித்து ஆட்டுகிறது என்பதும் உண்மை.

---

கரும்பலகை | செவ்வாய், இரவு 10.40

ஆம், பைம்புனம்தான். ஐயாவின் பதிவைப் படித்த அன்றே கவனித்தேன். சொல்வதா வேண்டாமா என்று இருந்துவிட்டேன். வகுப்பறையில் இருந்தால் உடனே சொல்லியிருப்பேன்.

---

மனப்பாடம் | புதன், காலை 6.05

நண்பருக்கும் ஆசிரியை அம்மாவுக்கும்: அலமாரியில் இருந்த பிரதியை நேற்றிரவே எடுத்துப் பார்த்துவிட்டேன். நீங்கள் சொல்வதுதான் சரி. அது நான் கல்லூரிக் காலத்தில் வாங்கிய புத்தகம். அந்தப் பக்கத்தின் மூலையை நான்தான் மடித்திருக்கிறேன்; அன்று சரியாகத்தான் படித்திருக்க வேண்டும். எந்த ஆண்டு, எந்த நடையில் ‘பைம்’ உதிர்ந்து ‘பெரும்’ ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தெரியாது. கீழே வரும் ‘பெருவிதுப்பு’ மேலே ஏறியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். வாய் ஒரு சொல்லை இழுத்தால் அது இன்னொன்றையும் கூட்டிக்கொண்டு வருகிறது.

இரவெல்லாம் யோசித்தது வேறு விஷயத்தை. பெரும்புனம் என்றால் உழவனின் கவலை நிலத்தின் பரப்பு: ஓர் ஏர், இவ்வளவு நிலம். பைம்புனம் என்றால் அவன் கவலை நேரம்: ஈரம் இப்போது பதமாக இருக்கிறது, காய்ந்துவிட்டால் ஏர் இறங்காது. ‘செவ்வி’ என்ற சொல்லே அந்தப் பருவத்தைத்தான் சொல்கிறது. அதை நாற்பது ஆண்டுகளாகச் சும்மா உச்சரித்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறேன். தலைவனுக்கும் தூரம் மட்டும் கவலை இல்லை, நாள் போகிறதே என்பதுதான் கவலை. புலவர் எழுதியது என் பாட்டைவிட நல்ல பாட்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் என் பெரும்புனத்தை என்னால் முழுவதுமாக விட முடியவில்லை. இன்று காலை லால்பாக்கில் திருத்திச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு சுற்றில் மூன்று முறை பழைய சொல்லே வந்தது. ஆகவே திரும்பி வரும் வழியில் ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன், நாற்பது பக்கம், கோடு போடாதது. இன்றைய தேதியையும் இரண்டு அடிகளையும் எழுதி, ‘பெரும்’ என்பதன்மேல் ஒற்றைக் கோடு போட்டிருக்கிறேன். நண்பரே, உங்கள் ஆலையில் கையெழுத்தைக் கோட்டுக்கு மேலே இடுவார்களா, பக்கத்திலா?